போத்தலோடு போகிற பசி

அன்பின் அக்கா,

என் மகனுக்கு 20 மாதம். மூன்று மாதமாகச் சாப்பாட்டு நேரம் வந்தாலே வீட்டில் போராட்டம்தான். கோப்பையைக் கண்டதும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்புகிறான். நான் வேலைக்குப் போனபின் மாமிதான் பார்க்கிறா. முற்றத்தில் தூக்கிக்கொண்டு திரிந்து காகம், அணில் காட்டுவா. அதுவும் சரிவராவிட்டால் போனில் பாட்டுப் போட்டுத் தீத்துவா. ஒரு நேரச் சாப்பாட்டுக்கு ஒன்றேகால் மணித்தியாலம் போகிறது. சோற்றைக் கொடுப்புக்குள் அடக்கி வைத்திருப்பான். இரண்டு வாய் கூடப் போனால் சத்தி. சோறு, பருப்பு, மரக்கறி எல்லாம் பிளெண்டரில் அடித்துத்தான் கொடுக்கிறோம். சாப்பிடாத பிள்ளை பாலையாவது குடிக்கட்டும் என்று விடிய, பதினொரு மணிக்கு, பின்னேரம், படுக்கும்போது என நாலு போத்தல் முழு ஆடைப் பால்மா. ஒவ்வொன்றும் 180 மில்லிலீற்றர், ஒரு தேக்கரண்டி சீனி போட்டு. இடையில் மாரி பிஸ்கட் நாலு. பிறந்த நிறை 3 கிலோ, ஒரு வயதில் 8.9, போன கிளினிக்கில் 10.2. மிட்வைஃப் "பயப்பட ஒன்றுமில்லை" என்றா. எனக்கு மனம் ஆறவில்லை. பக்கத்து வீட்டு அக்கா பசி எடுக்க ஒரு பாணி மருந்து சொல்கிறா. கொடுக்கலாமா?

ஒரு தாய், கோண்டாவில்

அன்பின் தங்கைக்கு,

மிட்வைஃப் சொன்னது சரி. மகனின் வளர்ச்சிப் பதிவேட்டைத் திறந்து, நிறைக்கோடு போகும் திசையைப் பாருங்கள். 20 மாத ஆண்பிள்ளைக்கு நடுக்கோடு 11 கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும், கீழெல்லை 9 கிலோவுக்குச் சற்று மேலே. உங்கள் பிள்ளை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறான். ஒரு வயதிலும் ஏறத்தாழ அங்கேதான் நின்றான். கோடு படுக்கவுமில்லை, கீழே இறங்கவுமில்லை. முதல் வருடத்தில் 6 கிலோ ஏறும் ஒரு பிள்ளை, இரண்டாம் வருடம் முழுவதிலும் இரண்டு, இரண்டரைக் கிலோதான் ஏறும். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் சுருங்கும். பத்து மாதத்தில் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்ட பிள்ளை ஒன்றரை வயதில் நாலு வாயோடு எழும்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

உங்கள் வீட்டில் இன்னொரு காரணமும் இருக்கிறது, அது உங்கள் கடிதத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. நாலு போத்தல் 180 என்றால் 720 மில்லிலீற்றர். முழு ஆடைப் பால் 100 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 62 கலோரி, ஆக 450 அளவில். நாலு கரண்டி சீனிக்கு 70, நாலு பிஸ்கட்டுக்கு 100க்குக் கொஞ்சம் மேலே. கூட்டினால் 600 தாண்டுகிறது. பத்துக் கிலோப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவையே 850, 900தான். மிச்சம் இருப்பது 250 கலோரி: அரைக் கப் சோறு, ஒரு அகப்பை பருப்பு, அரை முட்டை. அதை அவன் ஒருமாதிரிச் சாப்பிட்டுவிடுகிறான் என்றுதான் 10.2 கிலோ சொல்கிறது. அதற்கு மேலே தீத்தும் ஒவ்வொரு வாயும் நிரம்பிய வயிற்றுக்குள் தள்ளுவதுதான். இந்த வயதில் இரைப்பை ஒரு தடவைக்குக் கொள்வது கிலோவுக்கு 30 கிராம் அளவில், அதாவது இவனுக்கு 300 கிராம். பதினொரு மணிக்கு 180 பால் குடித்தவன் பன்னிரண்டரைக்கு வாயை மூடுவது பிடிவாதமில்லை, வயிறு சொல்வதைக் கேட்கிறான். அதை மீறித் தீத்தினால் சத்திதான் வரும்.

பிள்ளைக்குத் தன் அளவு தெரியுமா என்று மாமி கேட்பா. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கிளாரா டேவிஸ் 1920களிலும் 30களிலும், தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகளுக்கு முன்னால் முப்பதுக்கு மேற்பட்ட உணவுகளை வைத்துத் தாங்களே தெரிவு செய்ய விட்டார். ஒரு நேரம் முட்டையை மட்டும், இன்னொரு நேரம் பழத்தை மட்டும் என்று தாறுமாறாகத்தான் சாப்பிட்டார்கள், ஆனால் நன்றாக வளர்ந்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது, அவர் வைத்த உணவுகளில் சீனியும் பிஸ்கட்டும் இல்லை. எவ்வளவு என்பதைப் பிள்ளை தீர்மானிக்கலாம். எது, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும். உங்கள் வீட்டில் இது தலைகீழாக நடக்கிறது. எப்போது பால், எப்போது பிஸ்கட் என்பதை அவன் அழுது தீர்மானிக்கிறான், எத்தனை வாய் என்பதை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள்.

முதல் வேலை பாலைக் குறைப்பது. நாலையும் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், வீடு தாங்காது. பதினொரு மணிப் போத்தலில் தொடங்குங்கள், மத்தியானச் சாப்பாட்டைக் கெடுப்பது அதுதான். அந்த நேரத்தைச் சற்று முன்னுக்குக் கொண்டுவந்து பத்து மணிக்கு அரைக் கதலிப்பழமும் தண்ணீரும் கொடுங்கள். நாலைந்து நாளில் பழகிவிடும். பிறகு பின்னேரப் போத்தல்: அந்த நேரத்தில் மிதிவெடி, றோல்ஸ் என்று கடைச் சிற்றுண்டிக்குப் போகாமல், அவித்த பயறு அல்லது ஒரு சிறு உருண்டை உளுத்தங்களி. இரவுப் போத்தலைக் கடைசியில் தொடுங்கள். இரண்டு இரவுக்கு ஒரு தடவை 30 மில்லிலீற்றர் குறைத்து, சீனியை அதற்கு முன்பே அரைக் கரண்டி, கால் கரண்டி என்று இல்லாமலாக்கி, கடைசியில் கப்பில் கொடுத்துப் பல் துலக்கிப் படுக்க வையுங்கள். போத்தலை வாயில் வைத்தபடி நித்திரையானால் முன்பற்கள்தான் முதலில் சொத்தை விழும். நாளொன்றுக்கு 400 மில்லிலீற்றர் போதும், 500க்கு மேலே வேண்டாம். பாலுக்குப் பதிலாகத் தேத்தண்ணி வைக்கவே வேண்டாம், பால் விட்டாலும் விடாவிட்டாலும் தேயிலை சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது.

இங்கே இன்னொரு சுழல் இருக்கிறது. பசுப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, அதன் கல்சியம் மற்றச் சாப்பாட்டின் இரும்பையும் தடுக்கும். இரும்புக் குறைவு வந்தால் பசியும் கெடும், பசி கெட்டால் திரும்பவும் பால்தான். பிள்ளையின் கீழ் இமையை மெதுவாக இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். வெளிறியிருந்தாலோ, மண், சுண்ணாம்பு, சுவர்ப் பூச்சு எடுத்து வாயில் வைக்கிறான் என்றாலோ வைத்தியரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்த திகதியையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிச் சாப்பாடு. பிளெண்டரை எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிடுங்கள். ஒன்பது, பத்து மாதத்திலேயே கட்டி உணவுக்குப் போயிருக்க வேண்டிய வாய் இன்னும் கூழில் நிற்கிறது. அரைத்த சாப்பாட்டில் எல்லாம் ஒரே நிறம், ஒரே ருசி, எது மீன், எது பூசணிக்காய் என்று பிள்ளை அறிய வழியில்லை. நேரே முழுச் சோற்றுக்குப் பாயவும் கூடாது. முதல் நாலைந்து நாள் சோற்றைக் குழைய வைத்துப் பருப்போடு விரலால் மசியுங்கள். அடுத்த கிழமை மசிப்பதைப் பாதியாக்கி, பருக்கை தெரிய விடுங்கள். இதில் ஓங்காளிப்பு வரும்: நாக்கு வெளியே வரும், இருமுவான், முகம் சிவக்கும். சத்தம் வந்துகொண்டிருக்கும் வரையில் அது அவன் தொண்டை தன்னைக் காத்துக்கொள்வது, விரலை உள்ளே விடாமல் பக்கத்தில் இருங்கள். சத்தமே வராமல், அழவும் முடியாமல், உதடு நீலமானால் அதுதான் மூச்சு அடைப்பு. உடனே முன்னுக்குச் சரித்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து தரம் பலமாகத் தட்ட வேண்டும். அதற்கு மேலே செய்ய வேண்டியதை கிளினிக்கில் செய்து காட்டச் சொல்லி நீங்களும் மாமியும் பழகி வையுங்கள். முழுக் கச்சான், கடலை, விதையோடு நாவற்பழம், றம்புட்டான் இந்த வயதுக்கு ஆகவே ஆகாது.

சோற்றைக் கொடுப்பில் அடக்குவதற்குப் பெரும்பாலும் பல்தான் காரணம். முன் கடைவாய்ப்பல் இப்போதுதான் வந்திருக்கும், பின் கடைவாய்ப்பல் இரண்டு வயதை ஒட்டித்தான் வரும். நார் உள்ள இறைச்சியையும் விறைத்த சிவப்பரிசிச் சோற்றையும் அரைக்க அவனிடம் அம்மி இல்லை.

நம்முடைய சாப்பாடு சிறுபிள்ளைக்கு நன்றாகப் பொருந்தும், சின்னச் சின்ன மாற்றம்தான் வேண்டும். புட்டு உலர்ந்தபடி இருந்தால் துகள் தொண்டையில் பறந்து இருமல் வரும், பிறகு புட்டைக் கண்டாலே மறுப்பான். சொதி விட்டு ஊறவைத்து, கையால் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதத்தில் கொடுங்கள். இடியப்பத்தைக் கத்தரிக்கோலால் ஒரு அங்குல நீளத்துக்கு வெட்டுங்கள், நீள நூல் தொண்டையில் பாதி வாயில் பாதி நின்றுதான் சத்தி வரும். சொதிக்குப் பச்சை மிளகாயைத் தொடக்கத்தில் போடாதீர்கள். வெங்காயம், மஞ்சள், உப்புக் கொஞ்சம், முதற்பால் விட்டு இறக்கியதும் பிள்ளையின் பங்கை எடுத்துவிட்டு, மிச்சத்துக்கு மிளகாய் கீறிப் போட்டு ஒரு கொதி விடுங்கள். பிள்ளையின் சொதியில் நாலு துளி தேசிக்காய்ப்புளி விட்டால் பருப்பு, கீரையின் இரும்பு கூடுதலாகச் சேரும். மீனுக்கு விளைமீன், பாரை நல்லது, சதை பெரிதாகக் கழரும், முள் கண்ணுக்குத் தெரியும். சூடை சத்தானதுதான், ஆனால் அதன் முள் மயிர்மாதிரி, இந்த வயதுக்கு வேண்டாம். கிழமைக்கு ஒரு நாள் இரண்டு தேக்கரண்டி அவித்து மசித்த ஈரல் இரும்புக்கு மிக நல்லது. நிறை கூட வேண்டுமென்றால் அளவைக் கூட்டாமல் செறிவைக் கூட்டுங்கள்: சோற்றில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் 40 கலோரி, அது இடமே பிடிக்காது. கிளினிக்கில் எப்போதாவது திரிபோஷா சத்துமா தந்தால் பாலில் கரைத்துப் போத்தலில் விடாமல், தேங்காய்ப்பூவோடு உருண்டையாகப் பிடித்துக் கொடுங்கள்.

கோப்பையில் முதலில் போடுவது கொஞ்சமாக இருக்கட்டும். சோறு இரண்டு மேசைக்கரண்டி, பருப்பு ஒன்று, விரல்நுனி அளவில் மீன் இரண்டு துண்டு, முருங்கையிலை வறை ஒரு சிட்டிகை. குவித்து வைத்த சோற்றைக் கண்டாலே சில பிள்ளைகள் மறுக்கும். கேட்டால் இன்னும் போடலாம். வறையைத் துப்புவான், தள்ளுவான், தரையில் போடுவான். "அவனுக்குக் கீரை பிடிக்காது" என்று மூன்றாம் நாளே முடிவு கட்டுவது நாங்கள் எல்லோரும் செய்வது. ஒன்றரை வயதுக்குப் பிறகு புதிய ருசியைச் சந்தேகிப்பது பிள்ளையின் இயல்பு, ஒரு உணவைப் பத்து, பதினைந்து தடவையாவது கண்டால்தான் பழகும். ஒன்றும் சொல்லாமல் சிட்டிகை அளவில் வைத்துக்கொண்டே இருங்கள்.

இருக்கும் இடம் முற்றம் வேண்டாம். பாய் என்றால் பாய், சின்னக் கதிரை என்றால் கால் தரையிலோ ஒரு பலகையிலோ முட்ட வேண்டும், தொங்கும் காலோடு பிள்ளை நெளிந்துகொண்டே இருப்பான். மாமியும் அதே நேரத்தில் அவனுக்கு எதிரே இருந்து அதே சோற்றைச் சாப்பிடட்டும். அவன் கையால் அளையட்டும், பழைய துணி ஒன்றை விரித்துவிடுங்கள். போனை முதலில் மத்தியானத்துக்கு மட்டும் நிறுத்துங்கள். பாட்டைப் பார்த்தபடி விழுங்கும் பிள்ளைக்கு வயிறு நிரம்பியதே தெரிவதில்லை. இருபது நிமிடம், மிஞ்சினால் அரை மணித்தியாலம். முகத்தைத் திருப்பினால், கையைத் தட்டினால், கொடுப்பில் அடக்கினால் "போதுமா? சரி" என்று கோப்பையை எடுத்துவிடுங்கள். திட்டும் வேண்டாம், "இன்னும் ஒரு வாய், அம்மாவுக்காக" என்பதும் வேண்டாம். அடுத்த சாப்பாடு இரண்டரை, மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு. இடையில் தண்ணீர் மட்டும்.

பிசகுவது பெரும்பாலும் இந்த இடைநேரத்தில்தான். முதல் மூன்று நாள் அழுவான். மத்தியானம் இரண்டு வாயோடு எழும்பிய பிள்ளை ஒன்றரைக்குப் பால் கேட்டு அழும்போது மாமி மனம் பொறுக்காமல் ஒரு பிஸ்கட் கொடுத்துவிடுவா. அதில் அவன் படிப்பது, இன்னும் கொஞ்சம் அழுதால் வரும் என்பதுதான். அந்த ஒரு பிஸ்கட் மூன்று நாள் பாடுபட்டதையும் அழித்துவிடும். அதனால் பிஸ்கட் ரின் வீட்டிலேயே இருக்கக் கூடாது. மாமியோடு சண்டை பிடிக்காதீர்கள். 90களின் பொருளாதாரத் தடைக்குள்ளும் 1995 யாழ்ப்பாண இடப்பெயர்விலும் பால்மாப் பெட்டிக்கு அலைந்து பிள்ளை வளர்த்த தலைமுறை அது. பிள்ளை சாப்பிடாமல் எழும்புவதை அவர்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அந்தப் பயத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். பதிவேட்டின் கோட்டை அவவுக்குக் காட்டுங்கள், மிட்வைஃப்பையே ஒருதரம் அவவிடம் நேரே சொல்லச் சொல்லுங்கள். பத்து மணிப் பழமும் பின்னேரக் களியும் அவவின் பொறுப்பில் இருக்கட்டும், கொடுக்க ஒன்று கையில் இருந்தால் பிஸ்கட் தேடமாட்டா. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: மடியில் கிடத்தி, மூக்கைப் பிடித்துப் பருக்குவது எந்த நிலையிலும் கூடாது. அழும் பிள்ளை மூச்சை உள்ளே இழுக்கும்போது சோறு நுரையீரலுக்குப் போகும்.

நாளுக்கு நாள் கணக்குப் பார்க்காதீர்கள். திங்கட்கிழமை இரண்டு வாய் சாப்பிட்டவன் புதன்கிழமை இரண்டு இடியப்பம் முடிப்பான். கிழமைக் கணக்காகப் பாருங்கள், நிறையைக் கிளினிக் தராசிலேயே மாதம் ஒருமுறை பாருங்கள்.

பாணி மருந்து வேண்டாம். பசிக்கென்று கொடுக்கும் இவ்வகைப் பாணிகள் பலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டடீன், அது ஒவ்வாமைக்கான மருந்து, பிள்ளையைத் தூங்கிவழிய வைக்கும். குடிக்கும்வரை பசி கூடினாலும் நிறுத்தினால் போய்விடும். உங்கள் பிள்ளைக்குப் பசி இருக்கிறது, அதைப் போத்தல் வாங்கிக்கொள்கிறது. வைத்தியர் பரிசோதித்து எழுதினால் ஒழிய எதையும் வாங்காதீர்கள்.

அடுத்தடுத்த இரண்டு கிளினிக்கில் நிறை ஏறாவிட்டால், அல்லது கோடு கீழே வளைந்தால், மூன்று நாள் அவன் சாப்பிட்டதையும் குடித்ததையும் கொப்பியில் எழுதிக்கொண்டு குழந்தை வைத்தியரிடம் போங்கள். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் புரையேறுவது, தீத்தாமலே அடிக்கடி சத்தி, மலத்தில் இரத்தம், மூன்று நாளுக்கு ஒருதரம் கல்லாக மலம், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமையோடு நாலைந்து உணவுக்கு மேல் தொடாமை, இவற்றில் எது இருந்தாலும் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். காய்ச்சலோடு எதையும் குடிக்க மறுத்து ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாவிட்டால் அன்றே, இரவானாலும், போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.