குண்டுமல்லியை எவ்வளவு வெட்டலாம்?

வணக்கம். நான்கு வருடச் செடி, ஆள் உயரம், உச்சியில் மட்டும் இலை, போன கோடையில் பத்துப் பூ கூட இல்லை, இந்த ஜனவரியில் வெட்டினால் பட்டுப்போகுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டுப்போகாது, தைரியமாக வெட்டுங்கள். மல்லி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். நீங்கள் வெட்டாமல் காப்பாற்றி வைத்திருப்பது வெறும் விறகு.

கவாத்துக்குச் சரியான நேரம் நவம்பர் கடைசி. இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை, ஆனால் மார்ச் வரை தள்ளினால் வரும் மொட்டையே வெட்டுவீர்கள்.

ஒரு வாரம் தண்ணீரைக் குறைத்துவிட்டு, தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டுங்கள். அதாவது முழங்கால் உயரம். பார்க்க மொட்டையாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். சந்தேகமான கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் உண்டு. பழுப்பாக நொறுங்கினால் அடியோடு எடுத்துவிடுங்கள். கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்ட வேண்டும். அரிவாள் மட்டும் வேண்டாம். நான் முதல் வருடம் அதால் போட்டுத் தண்டு நீளவாக்கில் பிளந்து, இரண்டு கிளை காய்ந்தே போனது.

அப்புறம் அடிமண்ணைக் கொத்தி, மக்கிய தொழு உரம் இரண்டு கூடை போட்டு நன்றாகத் தண்ணீர் விடுங்கள். துளிர் வந்தபின் கொடிபோல் நீளமாக ஓடும் தண்டின் நுனியைக் கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளை வரும்.

பக்கத்தில் முருங்கை நிற்கிறது என்றீர்களே, அதையும் கொஞ்சம் கழித்துவிடுங்கள். நிழலில் மல்லி இலைதான் தரும்.