மாடிஃபைடு பிட்டுமின் சந்தை எந்தப் பக்கம் நகர்கிறது: சாலையா, கூரையா?

கேள்வி கேட்டவர் மூன்று விஷயங்களை ஒன்றாகக் கேட்டிருக்கிறார். மாடிஃபைடு பிட்டுமினுக்கு, அதாவது பாலிமரோ டயர் ரப்பரோ கலந்து வலுவூட்டிய தாருக்கு, தேவை உண்மையிலேயே கூடுகிறதா? சாலை, கூரை இரண்டில் எதை நம்பலாம்? அதைக் கலந்து தயாரிக்கச் சின்னதாக ஒரு பிளெண்டிங் யூனிட் போட்டால் தாக்குப்பிடிக்குமா? நான் பைண்டர் (சாலைக் கல்லைப் பிணைக்கும் பிட்டுமின்) சோதனைக்கூடத்தில் இருந்துவிட்டுக் கொள்முதல் பக்கம் போனவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில், இணையத்தில் விலைக்கு விற்கும் சந்தை அறிக்கைகளை ஓரமாக வையுங்கள். ஒரு அறிக்கை பைண்டரை மட்டும் எண்ணும். இன்னொன்று, தண்ணீர் புகாமல் கூரையில் விரிக்கும் பிட்டுமின் தாளான மெம்பிரேன் ரோலின் முழு விலையையும் சேர்த்துக்கொள்ளும். இரண்டிலும் தலைப்பு ஒன்றுதான், தொகை மட்டும் எங்கேயோ இருக்கும். வளர்ச்சி இத்தனை சதவீதம் என்று தசமப் புள்ளியோடு போட்டிருப்பதைப் பார்த்து யாரும் ஆலை கட்டிவிடக் கூடாது.

என் கணிப்பு இதுதான். இந்தச் சந்தையில் தேவையைத் தீர்மானிப்பவர் டெண்டரில் ஸ்பெசிஃபிகேஷன் எழுதுகிறவர். விலையைத் தீர்மானிப்பது எங்கோ இருக்கும் எத்திலீன் கிராக்கர், அதாவது பிளாஸ்டிக் மூலப்பொருளான எத்திலீனைத் தயாரிக்கும் ஆலை. நடுவில் இருக்கும் பிளெண்டருக்கு மத்தளம் போல இரண்டு பக்கமும் இடி.

அளவைப் பார்த்துவிடுவோம். உலகில் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டன் பிட்டுமின் செலவாகிறது. அதில் ஏறக்குறைய 85 சதவீதம் சாலைக்கும் 10 சதவீதம் கூரைக்கும் போகிறது. டன் கணக்கில் போட்டியே இல்லை. பாலிமர் கணக்கு வேறு. சாலை பைண்டரில் எஸ்.பி.எஸ். என்ற ரப்பர் போன்ற பாலிமரை வழக்கமாக 3 முதல் 5 சதவீதம் வரை சேர்ப்பார்கள். கூரை மெம்பிரேனில் அது 10 முதல் 15 வரை போகும். பாலிப்ரொப்பிலீன் வகையான ஏ.பி.பி. சேர்த்த மெம்பிரேன் என்றால் பாலிமர் மட்டுமே 25, 30 சதவீதம்கூட இருக்கும். அதனால் பிட்டுமின் விற்பவர் சாலைக்காரர் பின்னால் ஓடுவார், பாலிமர் விற்பவர் கூரைக்காரரை விட்டுக்கொடுக்கவே மாட்டார்.

எதற்கு இவ்வளவு பாடு? வெயிலில் சாலைப் பரப்பு 60 டிகிரியைத் தொடும்போது சாதா பிட்டுமின் இளகிவிடும், லாரிச் சக்கரம் ஓடிய தடம் பள்ளமாக நின்றுவிடும். கடுங்குளிரில் அதே பிட்டுமின் இறுகி விரிசல் விடும். எஸ்.பி.எஸ். மூலக்கூறின் இரு முனையிலும் ஸ்டைரீன், நடுவில் பியூட்டாடையீன். முனைகள் சுமார் 100 டிகிரி வரை கெட்டியாக நின்று ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்ளும். நடுப்பகுதியோ மைனஸ் 90 டிகிரிக்குப் பக்கம் போகும்வரை ரப்பராகவே இருக்கும். 180 டிகிரி சூட்டில், வேகமாக அரைத்துக் கலக்கும் ஹை ஷியர் மில்லில் ஓட்டினால், பாலிமர் பிட்டுமினின் எண்ணெய்ப் பகுதியை உறிஞ்சி உப்பி, உள்ளுக்குள் வலையாகப் பின்னிக்கொள்ளும்.

இதைக் கண்ணால் பார்க்க எலாஸ்டிக் ரிக்கவரி சோதனை போதும். அச்சில் வார்த்த பைண்டர் துண்டை 25 டிகிரித் தண்ணீருக்குள் வைத்து 10 செ.மீ. இழுப்போம். நடுவில் கத்தரியால் ஒரு வெட்டு, பிறகு ஒரு மணி நேரக் காத்திருப்பு. சாதா பிட்டுமின் வெட்டிய இடத்திலேயே நூலாகக் கிடக்கும். நல்ல எஸ்.பி.எஸ். பைண்டரில் வெட்டிய இரு நுனிகளும் மெல்லப் பின்வாங்க ஆரம்பிக்கும். நேரம் முடிந்து அளந்தால், இழுத்த நீளத்தில் முக்கால் பங்குக்கு மேல் திரும்பியிருக்கும். விற்பனையாளர் எத்தனை பக்கம் காட்டினாலும் நான் முதலில் கேட்பது இந்த ஒரு எண்ணைத்தான்.

இப்போது ஸ்பெசிஃபிகேஷன் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 1987 முதல் 1993 வரை நடந்த எஸ்.எச்.ஆர்.பி. என்ற நெடுஞ்சாலை ஆராய்ச்சித் திட்டத்திலிருந்து, பைண்டரை வெப்பநிலை வைத்துத் தரம் பிரிக்கும் பி.ஜி. முறை பிறந்தது. பி.ஜி. 64-22 என்றால், சாலையில் 64 டிகிரிச் சூடும் மைனஸ் 22 டிகிரிக் குளிரும் தாங்க வேண்டும். மைனஸ் குறியை விட்டுவிட்டு இரண்டு எண்ணையும் கூட்டினால் 86. கூட்டுத்தொகை 90-ஐத் தாண்டினால் மாடிஃபையர் இல்லாமல் ஆகாது என்பது இந்தத் தொழிலில் பழைய கைக்கணக்கு. கனரக வண்டிகள் ஊர்ந்துபோகும் இடத்துக்குப் பொறியாளர் 76-22 என்று எழுதினார் என்றால், 98 ஆகிவிட்டது, பாலிமர் ஆர்டர் தானாக வந்துவிட்டது. ஐரோப்பாவில் இதே வேலையை ஈ.என். 14023 தரநிலை செய்கிறது. பிறகு வந்த எம்.எஸ்.சி.ஆர். சோதனை, பைண்டரை 1 நொடி அழுத்தி 9 நொடி விட்டு, எவ்வளவு மீள்கிறது என்று பார்க்கும். பாலிமரைக் குறைத்துவிட்டு வேறு வழியில் பைண்டரைக் கெட்டியாக்கி ஒப்பேற்றியவர்களுக்கு இது கெட்ட காலம். உண்மையான எலாஸ்டிக் பாலிமருக்குத் தேவை கூடியதில் இந்தச் சோதனைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஸ்பெசிஃபிகேஷன் உண்டாக்கும் தேவை ஒரே கையெழுத்தில் மறையவும் செய்யும். டயர்த் தூள் கலந்த பிட்டுமினை 1960-களில் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரில் சார்லஸ் மெக்டொனால்ட் என்ற பொறியாளர் வளர்த்தெடுத்தார். 1991-இல் அமெரிக்க மத்திய சட்டம் ஒன்று, மத்திய நிதியில் போடும் சாலைகளில் குறிப்பிட்ட பங்குக்கு டயர் ரப்பர் கட்டாயம் என்றது. மாநிலங்களும் ஒப்பந்ததாரர்களும் முணுமுணுத்தார்கள். 1995-இல் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டார்கள். அந்தச் சட்டத்தை நம்பி இயந்திரம் வாங்கிவைத்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். நுட்பம் சாகவில்லை, அரிசோனாவிலும் கலிஃபோர்னியாவிலும் இன்றும் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் சட்டம் காட்டிய அளவுக்குச் சந்தை வரவேயில்லை.

விலைப் பக்கம் இன்னும் சுவாரசியம். பியூட்டாடையீனைப் பெரும்பாலும் யாரும் அதற்காகவே தயாரிப்பதில்லை. எத்திலீன் தயாரிக்கும்போது கூடவே வரும் சரக்கு அது. கிராக்கரில் கச்சா எண்ணெயிலிருந்து வரும் நாஃப்தாவைப் போட்டால் கணிசமாகக் கிடைக்கும், எரிவாயுவிலிருந்து பிரிக்கும் ஈத்தேனைப் போட்டால் சொற்பம். எரிவாயு மலிவாகும்போது கிராக்கர்கள் ஈத்தேனுக்குத் தாவும், பியூட்டாடையீன் வற்றும். இருக்கிறதையும் டயர் ஆலைகள் முதலில் அள்ளிக்கொள்ளும். 2008-இல் இப்படித்தான் அமெரிக்காவில் எஸ்.பி.எஸ். தட்டுப்பாடு வந்து, நெடுஞ்சாலைத் துறைகள் மாற்று பாலிமர்களையும் டயர்த் தூளையும் தேடின. 2024-இல் பிரான்சின் கிராவென்ஷோன் கிராக்கரை மூடப்போவதாக எக்ஸான்மொபில் அறிவித்தது. அதே ஆண்டு இத்தாலியில் பிரிண்டிசி, பிரியோலோ கிராக்கர்களை நிறுத்துவதாக வெர்சாலிஸ் நிறுவனம் சொன்னது. அந்தப் பக்கம் சீனாவில் புதுக் கிராக்கர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எஸ்.பி.எஸ். எங்கிருந்து வரும் என்ற வரைபடமே கிழக்கே நகர்கிறது.

செலவு எவ்வளவு கூடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 100 டன் சாலைக் கலவையில் பைண்டர் சுமார் 5 டன். அதில் 5 சதவீதம் பாலிமர் என்றால் 250 கிலோ, அவ்வளவுதான். எஸ்.பி.எஸ். விலை பிட்டுமினைப் போலப் பல மடங்கு என்றாலும், மேலடுக்கு சில ஆண்டுகள் கூடுதலாக நின்றால் சாலையின் சொந்தக்காரருக்கு அது லாபம். ஆனால் ஒப்பந்ததாரர் மீட்டருக்கு இத்தனை என்று விலை போடுகிறவர். சாலை பத்து ஆண்டு நிற்பதில் அவருக்கு என்ன கிடைக்கும்? பராமரிப்புப் பொறுப்பையும் சேர்த்துக் கொடுக்கும் ஒப்பந்தங்கள் வரும் இடங்களில்தான் அவரே வந்து நல்ல பைண்டர் கேட்கிறார். இது என் நேரடி அனுபவம், தேவை எங்கே வளரும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த அறிகுறியும் இதுதான்.

சாலைப் பக்கத்தில் அடுத்து கவனிக்க வேண்டியது சூடு. பாலிமர் சேர்ந்தால் பைண்டர் தடிக்கும், கலவையை அதிகச் சூட்டில் தயாரிக்க வேண்டும், புகை கூடும். ஜெர்மனி பிட்டுமின் புகைக்கு ஒரு கன மீட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்று வேலையிட வரம்பு வைத்தது. அதனால் 20 முதல் 40 டிகிரி வரை சூட்டைக் குறைக்கும் வார்ம் மிக்ஸ் சேர்மங்களும், தொடக்கத்திலேயே தடிமன் குறைந்த பாலிமர் வகைகளும் இனி சேர்ந்தே விற்கும்.

கூரைக்கு வருவோம். இங்கே கதையை ஓட்டுவது பயம்: நெருப்பு, புகை, ஒழுகல். காற்று ஊதிக் கெட்டிப்படுத்திய ஆக்ஸிடைஸ்டு பிட்டுமினை உருக்கி ஊற்றும் கூரை வேலையை, புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு நிறுவனம் ஐ.ஏ.ஆர்.சி. 2011-இல் 2ஏ பிரிவில், அதாவது ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்று வைத்தது. சாலை போடும் வேலைக்கு ஒரு படி கீழே, 2பி. கூரைத் தொழில் பிட்டுமின் உருக்கும் கொப்பரையை விட்டுத் தயார்நிலை மெம்பிரேனுக்கு நகர்வதற்கு இதுவும் ஒரு தள்ளு.

மெம்பிரேனில் இரண்டு குடும்பம். ஏ.பி.பி. இத்தாலியில் தொடங்கியது. வெயிலையும் புற ஊதாக் கதிரையும் நன்றாகத் தாங்கும், 150 டிகிரி வரை வழியாது. குளிரில் மட்டும் முரண்டு பிடிக்கும். எஸ்.பி.எஸ். வகை மைனஸ் 20 டிகிரியிலும் மடங்கும், ஆனால் வெயில் நேரே படாமல் மேலே கல்துகள் போர்வை வேண்டும். வெப்ப நாடுகளில் முதலாவது, குளிர் நாடுகளில் இரண்டாவது என்று சந்தை பிரிந்து கிடப்பது இதனால்தான். ஏ.பி.பி. என்பதே அடாக்டிக் பாலிப்ரொப்பிலீனின் சுருக்கம், அது ஒரு காலத்தில் பாலிப்ரொப்பிலீன் ஆலைகளின் கழிவு. வினையூக்கிகள் மேம்பட மேம்படக் கழிவு குறைந்துவிட்டது, இப்போது காசு கொடுத்து அதற்கென்றே தயாரித்ததை வாங்க வேண்டியிருக்கிறது.

மெம்பிரேனின் அடிப்பக்கத்தை கேஸ் டார்ச் சுடரால் உருக்கி ஒட்டும்போது, மேல்விளிம்பின் ஓரமாக உருகிய பிட்டுமின் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வரிசையாகப் பிதுங்கி வர வேண்டும். அது வராத இடத்தில் நாளை தண்ணீர் புகும். அதைப் பார்த்தபடி சுடரை நகர்த்தத் தெரிந்த ஆட்கள் குறைந்துவருகிறார்கள். மரச்சட்டத்துக்கும் இன்சுலேஷனுக்கும் பக்கத்தில் சுடர் என்றால் காப்பீட்டு நிறுவனங்களும் முகம் சுளிக்கின்றன. ஆகவே பின்புறத் தாளை உரித்து ஒட்டும் செல்ஃப் அட்ஹீசிவ் வகைதான் கூரையில் எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் பிரிவு. அது ஒட்டுவதற்கும் எஸ்.பி.எஸ்., அதன் உறவினரான எஸ்.ஐ.எஸ். போன்ற பாலிமர்கள்தான் வேண்டும். ஆலங்கட்டி மழை அடிக்கும் பகுதிகளில் சரிவுக் கூரையில் ஓடு போல அடுக்கும், எஸ்.பி.எஸ். கலந்த ஷிங்கிள் தகடுகளும் நன்றாகப் போகின்றன.

எதிரி இல்லாமல் இல்லை. பெரிய தட்டைக் கூரைகளில் டி.பி.ஓ., ஈ.பி.டி.எம். போன்ற பிட்டுமின் இல்லாத ஒற்றை அடுக்கு பிளாஸ்டிக், ரப்பர் தாள்கள் அமெரிக்காவில் பிட்டுமினை எப்போதோ முந்திவிட்டன. சீனாவில் 2021-க்குப் பிறகு வீட்டுக் கட்டுமானம் படுத்ததும் நீர்ப்புகாப்புத் தொழிலும் கூடவே படுத்தது. 2023 ஏப்ரலில் அங்கே நடைமுறைக்கு வந்த கட்டாய விதி, கூரை நீர்ப்புகாப்பு குறைந்தது 20 ஆண்டு தாங்கும்படி வடிவமைக்கச் சொன்னது. அது தரமான சரக்குக்குக் கொஞ்சம் மூச்சு கொடுத்திருக்கும். புதுக் கட்டடத்தை நம்பும் விற்பனை ஏறி இறங்கும். பழைய கூரையைப் புதுப்பிக்கும் வேலையை நம்பினால் நிதானமாக ஓடும்.

கடைசியாக, யூனிட் போடலாமா? மில்லும் டேங்கும் வாங்குவது எளிது. சேமிப்பில் பாலிமர் பிரியாமல் இருப்பதுதான் கடினம். பைண்டரைக் குழாயில் அடைத்து, நிற்கவைத்தபடி 163 டிகிரியில் 48 மணி நேரம் வைப்பார்கள். குளிரவைத்து மூன்றாக வெட்டி, மேல்துண்டும் கீழ்த்துண்டும் எந்த வெப்பத்தில் இளகுகின்றன என்று பார்ப்பார்கள். வித்தியாசம் சில டிகிரிக்குள் நிற்க வேண்டும். அது நிற்கிறதா என்பதை முடிவுசெய்வது பெரும்பாலும் நீங்கள் வாங்கும் அடிப்படை பிட்டுமின். சுத்திகரிப்பு ஆலை வேறு கச்சா எண்ணெய்க்கு மாறினால், நேற்று வரை ஓடிய ஃபார்முலா இன்று பிரியும். ஆகவே ஒரே மூலத்திலிருந்து நிலையான பிட்டுமின் கிடைக்கும் உறுதி, சொந்தச் சோதனைக்கூடம், எஸ்.பி.எஸ். விலை ஏறினால் விற்பனை விலையும் ஏறும் என்ற ஒப்பந்த விதி, இந்த மூன்றும் கையில் இருந்தால் இறங்குங்கள். மூன்றாவது கிடைக்காவிட்டால், பெரிய உற்பத்தியாளருக்கு ஜாப் வொர்க் அடிப்படையில் கலந்து கொடுப்பதோடு நின்றுகொள்ளுங்கள்.