பெயரில்லாத அட்டையும் உங்கள் மகளும்

ஐயா, வணக்கம்.

சென்ற சனிக்கிழமை நீங்கள் கேட்ட கேள்விக்கு அன்று முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. "பன்னிரண்டாம் வகுப்பில் நன்றாகப் படிக்கும் பெண், பாட்டு ஆல்பங்களுக்கு அட்டை வடிவமைக்கப் போகிறேன் என்கிறாள். இது சோறு போடுமா? அவள் செய்த அட்டையில் பாடகர் பெயர்கூட இல்லை. ஓவிய ஆசிரியரே தவறு என்கிறார்" என்றீர்கள்.

அந்த அட்டை என் கண்ணிலேயே நிற்கிறது. நீல நிற மொட்டைமாடி, கொடியில் காயும் ஒற்றைச் சட்டை. எழுத்தே இல்லை. ஏன் என்று கேட்டேன். "இதுதான் அழகாக இருக்கிறது" என்றாள். அட்டையைப் பார்த்தபோது வராத கவலை, இந்தப் பதிலைக் கேட்டபோது வந்தது.

பெயரை உறையின் மேற்பகுதியில் பெரிதாகப் போடும் வழக்கத்துக்குக் காரணம் கடை. இசைத்தட்டுகளைப் பெட்டியில் வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். வாங்க வருபவர் விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளும்போது முதலில் கண்ணில் படுவது மேல்விளிம்புதான். அதற்கும் முன்பு அட்டையில் படம் போடும் வழக்கமே அரிது. அமெரிக்காவில் தட்டுகள் பெரும்பாலும் வெற்று அட்டைகளில் விற்றன. 1940-ஐ ஒட்டி, கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர் அதை மாற்றினார். நியூயார்க் நாடக அரங்கு ஒன்றின் முகப்புப் பலகையில் எழுத்துகளை மாற்றச் சொல்லி, ஓர் ஆல்பத்தின் பெயரையே அங்கே ஒளிரவிட்டு, அதைப் படமெடுத்து அட்டையாக்கினார்.

1970-இல் பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் 'ஆட்டம் ஹார்ட் மதர்' ஆல்பம் வந்தது. முன்னட்டையில் புல்வெளியில் நின்று திரும்பிப் பார்க்கும் ஒரு பசு, அவ்வளவுதான். குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. வடிவமைத்தது லண்டனைச் சேர்ந்த ஹிப்னோசிஸ் என்ற வடிவமைப்புக் குழு. ஆல்பம் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதைப் பசுவின் கணக்கில் எழுத முடியாது, ரசிகர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். ஆனால் முகங்களும் வண்ண எழுத்துகளும் நெருக்கியடிக்கும் கடைப் பெட்டியில் அந்தப் பசு தனித்துத் தெரிந்திருக்கும். பக்கத்து அட்டைகள் எப்படியிருக்கும் என்று அறிந்தவருக்குத்தான் இந்த யோசனை வரும். புகழ் இருந்தால்தான் பெயரை விடலாம் என்றும் சொல்ல மாட்டேன். 1979-இல் ஜாய் டிவிஷன் என்ற புதிய குழுவின் முதல் ஆல்பத்துக்கு பீட்டர் சாவில் என்ற வடிவமைப்பாளர், வானியல் கலைக்களஞ்சியத்தில் வந்த, துடிவிண்மீன் ஒன்றின் (சீரான இடைவெளியில் வானொலி அலைத் துடிப்புகளை அனுப்பும் விண்மீன்) வரைபடத்தைக் கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளாக வைத்தார். அதன் முன்பக்கத்திலும் பெயர் இல்லை.

நீங்கள் வெளியே தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். அவள் அட்டையை என் கைபேசியில் கட்டைவிரல் நகமளவுக்குச் சுருக்கிக் காட்டினேன். சட்டை காணாமல் போய்விட்டது, நீலம் மட்டும் மிஞ்சியது. சற்று நேரம் பார்த்துவிட்டு, "சட்டையைச் சிவப்பாக்கினால் தெரியும்" என்றாள். பிறகு அவளே சொன்னாள்: "பாட்டுச் செயலியில் படத்துக்குக் கீழே பாடகர் பெயர் தானாகவே வந்துவிடுகிறது. படத்துக்குள்ளும் எதற்கு?" இதையே விளம்பரச் சுவரொட்டியாக ஒட்டினால் என்ன செய்வாய் என்றேன். "சுவரில் கீழே யார் எழுதித் தருவார்கள்? அங்கே பெயர் வேண்டும்" என்றாள். ஐயா, எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அரை மணி நேரத்தில் 'அழகு' என்ற சொல்லைத் தாண்டி, காரணம் தேடத் தொடங்கிவிட்டாள்.

சோற்றுக்கு வருகிறேன். ஆல்பம் அட்டை மட்டும் செய்து குடும்பம் நடத்துபவர்கள் மிகச் சிலரே, அதை மறைக்க மாட்டேன். புளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனத்துக்கு நூற்றுக்கணக்கான அட்டைகள் செய்த ரீட் மைல்ஸ்கூடப் பின்னாளில் விளம்பரப் புகைப்படக்காரராகத்தான் தொழில் செய்தார். ஆனால் மசாலாப் பொட்டலம், மருந்துப் பெட்டி, புத்தக அட்டை, திரைப்படச் சுவரொட்டி எல்லாவற்றுக்கும் இதே கண்தான் வேண்டும். அந்த வேலைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன.

வடிவமைப்புப் பட்டப்படிப்பில் சேர ஐஐடி மும்பை நடத்தும் யூசீட் நுழைவுத் தேர்வை எந்தப் பாடப்பிரிவு மாணவரும் எழுதலாம், வழக்கமாக ஜனவரியில் வரும். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்குத் தனித் தேர்வு உண்டு. செலவு உங்களுக்குக் கவலையென்றால் சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளை முதலில் நேரில் போய்ப் பாருங்கள்.

அதுவரை ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் எந்த வழக்கத்தை வைத்துக்கொண்டாள், எதை விட்டாள், ஏன் என்று நான்கு வரி எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறேன். பின்னாளில் வேலை நேர்காணலில் இதைக் கேட்கக்கூடும். அடுத்த மாதம் அந்த நீல அட்டையை மூன்று விதமாகக் கொண்டுவருவாள்: கைபேசிக்கு ஒன்று, பன்னிரண்டு அங்குல இசைத்தட்டுக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று. அன்று நீங்களும் உள்ளே வந்து உட்காருங்கள்.