குடுவை பூ இல்லை, இலை: பூச்சியுண்ணும் செடிகள், குமரி மாவட்ட வாசகர் கேள்வி பதில்

தக்கலை: பூச்சி தின்னும் செடிக்கும் மற்ற பூச்செடிக்கும் என்ன வித்தியாசம்? குடுவைதானே அதன் பூ?

குடுவை பூ இல்லை, இலை. நெப்பந்தஸ் என்ற குடுவைச்செடியில் இலையின் நடுநரம்பு நுனி தாண்டிக் கொடியாக நீண்டு, அதன் முனைதான் ஊதிக் குடுவையாகிறது. பூ தனியே நீண்ட கொத்தாக வரும். இதழ் கிடையாது, ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மற்றபடி இதுவும் செம்பருத்தி மாதிரிப் பச்சைச் செடிதான், சாப்பாட்டை வெயிலில்தான் சமைக்கிறது. பூச்சியிலிருந்து எடுப்பது தழைச்சத்தும் மணிச்சத்தும். சதுப்பிலும் ஈரப்பாறையிலும் மழை இந்தச் சத்துகளைக் கழுவிப் போய்விடும் என்பதால் இந்த ஏற்பாடு.

பூவுக்குப் பூச்சியின் உதவி வேண்டும், இலைக்கோ பூச்சியே வேண்டும். இந்தச் சிக்கலுக்கு ட்ரோசீரா என்ற பூச்சியுண்ணும் செடியைப் பாருங்கள்: பசை இலை தரையோடு கிடக்க, பூவை மட்டும் நீண்ட காம்பில் உயர்த்தி வைக்கும்.

குலசேகரம்: இலை செழிப்பாக வருகிறது, குடுவை ஒன்றுகூட இல்லை. மாதம் ஒருமுறை சாணிப்பொடி போடுகிறேன்.

சாணிப்பொடிதான் காரணம். சத்து வேரிலேயே கிடைத்தால் குடுவை கட்டும் வேலை செடிக்கு எதற்கு? அளவு கூடினால் வேரும் கருகும். மண்ணை உதறிவிட்டு, 2 பங்கு தென்னை நார்க்கழிவு, 1 பங்கு பெர்லைட் (பொரித்த எரிமலைக் கல் துகள்) கலவையில் மாற்றி நடுங்கள். காயலில் ஊறிய தொண்டின் (தேங்காய் மட்டை) நார்க்கழிவில் உப்பு இருக்கும். மழைத்தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்துப் பிழியுங்கள், இப்படி 3 முறை. காலை வெயில் 3, 4 மணி நேரம் படட்டும். ரப்பர் நிழல் போதாது. பழைய இலையில் இனி குடுவை வராது, புது இலையில் பாருங்கள்.

மணவாளக்குறிச்சி: கடற்கரை மணல் கலக்கலாமா?

கூடாது. உப்பு.

கொல்லங்கோடு: போர் தண்ணீர் ஊற்றலாமா?

மழைத்தண்ணீர் அல்லது ஆர்.ஓ., டி.டி.எஸ். (நீரில் கரைந்த உப்பின் அளவு) 50-க்குக் கீழே. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது, ஒரு டிரம் வைத்தால் போதும்.

மார்த்தாண்டம்: சேனைப் பூவும் நாற்றம் காட்டி ஈயைப் பிடிக்கிறது. அதையும் பூச்சியுண்ணி என்று சொல்லலாமே?

சொல்ல முடியாது. அழுகிய இறைச்சி நாற்றத்துக்கு ஏமாந்து வரும் வண்டும் ஈயும் மகரந்தம் சுமக்கத்தான். பூச்சியுண்ணி என்றால் ஈர்க்க வேண்டும், பிடிக்க வேண்டும், கரைத்து உறிஞ்ச வேண்டும். சேனை உறிஞ்சுவதில்லை.

மார்த்தாண்டம் மறுபடியும்: உள்ளே செத்த ஈ கிடந்ததே!

வாளித் தண்ணீரிலும்தான் கிடக்கிறது, வாளி தின்றதா? ஆடுதின்னாப்பாளைப் பூவைக் கீறிப் பாருங்கள். உள்ளே சாய்ந்த மயிர்கள் கொசு அளவு ஈயைச் சிறைவைக்கும். அவை வாடியதும் ஈ மகரந்தத்தோடு வெளியேறும். பூ அடைத்து வைத்தால் விடுதலை உண்டு. இலை அடைத்தால் கிடையாது.

கருங்கல்: அப்படியானால் கொடிவேலி? பூவின் அடியில் எறும்பு ஒட்டிச் சாகிறது.

அருமையான கேள்வி, மார்த்தாண்டத்துக்கு இப்போது தெம்பு வந்திருக்கும். கொடிவேலியின் புல்லிவட்டத்தில் பசைச் சுரப்பிகள் உண்டு, எறும்பு ஒட்டும் என்பதும் உண்மை. ஆனால் பசை திருட்டு எறும்பைத் தடுக்கும் வேலிக்கும் உதவும். ஒட்டியதைச் செடி உண்கிறதா என்பதில் விவாதம் உண்டு. அதனால் வாசலில் நிற்கும் செடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில்: வீனஸ் ஃப்ளைட்ராப் ஆன்லைனில் வாங்கலாமா?

வேண்டாம். அமெரிக்காவின் வட, தென் கரோலினாக்காரச் செடி. வருடத்தில் 3, 4 மாதம் குளிரில் உறங்க வேண்டும். நமக்குக் குளிர் எங்கே?

திங்கள்சந்தை: குடுவைச்செடி வைத்தால் கொசு ஒழியுமா?

ஒழியாது. சில குடுவைகளின் நீரிலேயே கொசுப்புழு வளர்கிறது.

அருமனை: மினரல் வாட்டர் ஊற்றலாமா?

பேரிலேயே பதில் இருக்கிறது.

பேச்சிப்பாறை: காட்டிலிருந்து ஒரு குடுவைச்செடி பெயர்த்து வரலாமா?

நம் காட்டில் அது கிடையாது, இந்தியாவில் அதன் ஊர் மேகாலய மலைகள். மழைக்குப் பின் ஈரப்பாறையில் ஊதாப் பொட்டுப் பொட்டாய்ப் பூத்திருப்பது யுட்ரிகுலேரியா என்ற பூச்சியுண்ணும் செடியாக இருக்கலாம். அதன் பொறி கண்ணுக்கு எட்டாத சிறு பைகள், இரையை உறிஞ்ச ஒரு மில்லி விநாடிகூட ஆகாது. பெயர்த்தால் பைகள் அறுந்து செடி போய்விடும். படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இரணியல்: பஞ்சகவ்யம் தெளிக்கலாமா?

குலசேகரத்துக்குச் சொன்னதை வாசியுங்கள்.