வன்முறை இயக்கத்தை விட்டு வருபவர்களைச் சமூகம் மறுபடி சேர்த்துக்கொள்ளுமா? டென்மார்க் முறை உண்மையில் பலன் தந்ததா? அயலவர்கள் என்ன செய்யலாம்?

பலன் தந்தது என்றுதான் சொல்வேன். ஆனால் "ஜிஹாதிகளைக் கட்டிப்பிடித்துத் திருத்துகிறார்கள்" என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் கேலியும் வியப்புமாக எழுதிய கதை வேறு, நடந்தது வேறு. நான் டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகரில் வசிப்பவன். மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கும் ஒரு நிலையத்தில் உதவி செய்கிறேன். தீவிரவாதத்திலிருந்து விலகுவோருக்கு உதவும் இந்த ஊர்த் திட்டத்தில் வேலை செய்தவன் அல்ல, பக்கத்தில் இருந்து பார்த்தவன். அந்த அளவில் இந்தப் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

2012, 2013 ஆண்டுகளில் இந்த ஊரிலிருந்து சுமார் 30 இளைஞர்கள் உள்நாட்டுப் போர் நடந்த சிரியாவுக்குப் போனார்கள். பெரும்பாலானோர் ஒரே பள்ளிவாசலுக்குப் போய்வந்தவர்கள். மற்ற ஐரோப்பிய நாடுகள் கடவுச்சீட்டைப் பறிப்பது பற்றியும் குடியுரிமையை நீக்குவது பற்றியும் பேசிக்கொண்டிருந்தபோது, ஓர்ஹூஸ் பொலிஸார் திரும்பி வந்தவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் கூப்பிட்டுப் பேசினார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்துடனும் பேசினார்கள். அதற்காக அரசியல்வாதிகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். 2014இல் புதிதாகப் போனவர்கள் அரிதாகிவிட்டார்கள். இதை முழுக்கத் திட்டத்தின் வெற்றி என்று நான் எழுதமாட்டேன். அந்த ஆண்டு ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) இயக்கம் வெளியிட்ட தலைவெட்டும் காணொளிகளைப் பார்த்தே பலருடைய மயக்கம் தெளிந்திருக்கும்.

இந்த முறை சிரியாவுக்காகப் பிறந்ததல்ல. பள்ளிக்கூடம், சமூகசேவைப் பிரிவு, பொலிஸ் மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசும் வழக்கம் டென்மார்க்கில் 1970களிலிருந்தே இருக்கிறது. கடையில் திருடிய பையன், போதைக்குப் பழகிய பெண் என்று சாதாரண விஷயங்களுக்காக ஏற்பட்டது. 2007க்குப் பிறகு ஓர்ஹூஸ் அதைத் தீவிரவாதத்துக்கும் விரித்தது. இஸ்லாமியத் தீவிரவாதத்துக்கு மட்டும் அல்ல, உதைபந்தாட்டக் கூட்டங்களோடு சுற்றிய வெள்ளை இனவாதக் கும்பலுக்கும் அதே அலுவலகம்தான்.

ஒரு ஆசிரியையோ தாயோ கவலைப்பட்டு அழைத்தால் முதலில் விசாரிப்பார்கள். பல அழைப்புகள் விடலைப் பருவத்து வாய்வீச்சோடு முடிந்துவிடும். உண்மையாகவே இறங்கிவிட்டவருக்கு ஒரு வழிகாட்டியைத் தருவார்கள். அந்த வழிகாட்டிகளைப் பயிற்றுவித்தவர் ஓர்ஹூஸ் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் பிரேபன் பேர்டெல்சன். வழிகாட்டியின் முதல் வேலை மதவிவாதம் அல்ல என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. விட்ட பரீட்சையை மறுபடி எழுத வைப்பது, வாடகைக்கு ஓர் அறை, பகுதிநேர வேலை, பேச்சு அறுந்துபோன தகப்பனோடு ஒரு சந்திப்பு. கருத்து எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அது அவனுடைய பாடு. வன்முறைதான் எங்கள் கவலை என்பது அவர்கள் நிலைப்பாடு. போரில் குற்றம் செய்ததற்குச் சான்று இருந்தால் நீதிமன்றம்தான், அதில் சலுகை கிடையாது.

இதெல்லாம் இயங்குவது அந்த முதல் தொலைபேசி அழைப்பில். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எங்களைப் போன்ற இலங்கைத் தமிழர்களுக்குத் தெரியும். 80களில் யாழ்ப்பாணத்தில் பையன் இரவோடிரவாக இயக்கத்துக்குப் போன வீடுகளில் தாய்மார் வாய் திறக்கவில்லை. பொலிஸுக்குச் சொன்னால் பிள்ளையும் போகும், வீடும் போகும். இங்கே வந்த பிறகும் குடிவந்த குடும்பங்களில் "கொம்யூன் (நகராட்சி) பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடும்" என்ற பயம் இருக்கிறது. சோமாலிய, பாலஸ்தீனத் தாய்மாரிடமும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட ஒரு தாய் தானாகவே பொலிஸை அழைக்கிறாள் என்றால், அதற்கு முன்னால் அழைத்த இன்னொரு தாயின் மகன் சிறைக்குப் போகாமல் பள்ளிக்குத் திரும்பியதை அவள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். இதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். அவசரச் சட்டம் ஒன்று இந்த நம்பிக்கையை ஒரே வாரத்தில் கெடுத்துவிடும்.

ஜெர்மனியில் கதை கொஞ்சம் வேறு. முன்னாள் பொலிஸ் அதிகாரி பெர்ன்ட் வாக்னரும் நவநாஜித் தலைவராக இருந்து விலகிய இங்கோ ஹாசல்பாக்கும் 2000இல் தொடங்கிய எக்ஸிட் அமைப்பு யாரையும் தேடிப்போய் இழுக்காது. விலக நினைப்பவரே தொடர்புகொள்ள வேண்டும். பழைய கூட்டாளிகள் அடிக்க வருவார்கள் என்பதால் சிலருக்கு ஊரையே மாற்ற வேண்டியிருக்கும். சரி, இப்படி ஒரு வாசல் இருப்பதை அவர்களுக்கு எப்படித் தெரிவிப்பது? 2011இல் கேரா நகரில் நடந்த தீவிர வலதுசாரி இசைவிழாவில் மண்டையோடு போட்ட 250 சட்டைகளை இலவசமாகக் கொடுத்தார்கள். ஒருமுறை துவைத்ததும் மண்டையோடு கரைந்து, "உன் சட்டையால் முடிந்தது உன்னாலும் முடியும்" என்ற பொருளில் வாசகமும் உதவி அமைப்பின் விவரமும் வெளிவந்தன. அரசு விளம்பரங்களில் இவ்வளவு குறும்பை நான் எங்கும் கண்டதில்லை. இதை அரசு செய்யாததால்தான் அப்படி அமைந்ததோ என்னவோ.

அயலவர்கள் என்ன செய்யலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். விலகி வந்தவரை மேடையேற்றி மன்னிப்புக் கேட்கச் சொல்லாதீர்கள், தொலைக்காட்சி நாயகனாக்கவும் வேண்டாம். வேலை கொடுக்க முடிந்தால் கொடுங்கள். அதே இயக்கத்திடம் உறவினரைப் பறிகொடுத்தவர் முகம் கொடுக்க மறுத்தால் அது அவருடைய உரிமை, அவரிடம் பெருந்தன்மையைக் கேட்டு நிற்பது அநியாயம்.

இந்த முறை எட்டாத இடமும் உண்டு. 2015 பெப்ரவரியில் கோபன்ஹேகனில் இருவரைச் சுட்டுக்கொன்ற இளைஞன், அதற்குச் சுமார் இரண்டு வாரத்துக்கு முன்புதான் சிறையிலிருந்து வெளியே வந்தவன். அவன் போக்கு சரியில்லை என்று சிறையிலிருந்து உளவுத்துறைக்கு ஏற்கெனவே அறிக்கை போயிருந்தது. எச்சரிக்கை எழுத்தில் இருந்தும் காரியம் நடந்துவிட்டது. விடுதலைக்குப் பிறகு வழிகாட்டியைத் தேடுவது தாமதம். அவன் உள்ளே இருக்கும்போதே வழிகாட்டி வாராவாரம் போய்ச் சந்திக்கத் தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.