கார்புரேட்டரில் கை வைக்கும் முன்

இந்த முறை பழைய கார்கள். அதிலும் பெட்ரோல் சரியாக ஏறாமல் மக்கர் செய்கிற வண்டிகள் பற்றி வந்த கடிதங்கள் மட்டும். எல்லாவற்றையும் சுருக்கியிருக்கிறேன். தாத்தா அந்தக் காரில் யார் யாரை ஏற்றிக்கொண்டு போனார் என்ற பத்திகளை எடுத்துவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

கே: 1978 பிரீமியர் பத்மினி. டவுனுக்குள் தொந்தரவே இல்லை. ஏற்காடு ஏறினால் பாதி மலையில் இழுவை குறைந்து, விக்கி விக்கி நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. கார்புரேட்டரை இரண்டு தடவை மாற்றியாயிற்று. மூன்றாவதாக ஒன்று வாங்கச் சொல்கிறார் மெக்கானிக். — சேலம் வாசகர்

ப: வாங்காதீர்கள். கால் மணி நேரத்தில் தானாகச் சரியாகும் கோளாறு கார்புரேட்டரில் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் சாமான்) இருப்பது அபூர்வம். அதற்குள் பெட்ரோல் போகும் நுண்துளையான ஜெட் அடைத்துக்கொண்டால், வண்டி ஆறிவிட்டது என்பதற்காகத் திறந்துகொள்ளாது.

அடுத்த முறை நின்றவுடனே, வீட்டுக்கு வந்த பிறகு அல்ல, அந்த வளைவிலேயே ஓரம் கட்டிவிட்டு, முதலில் பின்னால் போய் டேங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் விஷயம் முடிந்தது. மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் வராது. இதைச் சரிசெய்ய ஒரு ஊசி போதும்.

சத்தம் இல்லையா? இன்ஜின் கொஞ்சம் ஆறட்டும். ஸ்பார்க் வராதபடி காயிலுக்குப் போகும் சின்ன ஒயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் ஏறும் டியூபை உருவி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். சைலன்ஸர் பக்கம் ஒரு சொட்டும் விழக் கூடாது, பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. பத்மினியில் பம்பை அடிப்பது இன்ஜினோடு சுற்றும் கேம்ஷாஃப்ட். அதனால் இன்ஜின் சுற்றச் சுற்றப் பெட்ரோல் சளக் சளக் என்று விட்டுவிட்டுத் தெறிக்க வேண்டும். நன்றாகத் தெறித்தால் பெட்ரோல் மேல் குற்றமில்லை. கரண்ட் பக்கம் இருக்கும் கண்டென்ஸரைப் பாருங்கள். சூடானால் செத்து, ஆறினால் பிழைக்கும் சாமான் அது. பெட்ரோல் கோளாறு என்று காசு பிடுங்கப்படும் வண்டிகளில் பாதிக்குக் கரண்ட் கோளாறுதான் இருக்கும் என்பது என் அனுபவம். ஒரு அடையாளம் சொல்கிறேன்: கரண்ட் போனால் வண்டி பெரும்பாலும் பட்டென்று நிற்கும். பெட்ரோல் போனால் உங்கள் வண்டிபோல விக்கும்.

தெறிக்கவில்லை, அல்லது நுரை நுரையாக வருகிறது என்றால், பெட்ரோல் பம்பிலோ லைனிலோ சூட்டில் ஆவியாகி நிற்கிறது. டிரைவர்கள் ஏர்லாக் என்பார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாவது கியரில் ஏறினால் பானட்டுக்குள் காற்றோட்டம் ஏது? பம்பின் மேல் ஈரத்துணி போட்டுப் பாருங்கள். அம்பாசடர் டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்தான். உடனே உயிர் வந்தால் காரணம் சூடு. லைன் சைலன்ஸர் குழாயை ஒட்டிப் போகிறதா என்று பார்த்து விலக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

ஈரத்துணிக்கும் அசையாவிட்டால் இன்னொரு சோதனை இருக்கிறது. பம்புக்குள் வரும் டியூபைக் கழற்றி, நேராக ஒரு சின்ன கேனில் இருக்கும் பெட்ரோலுக்குள் விடுங்கள். வண்டி ஓடினால் பம்ப் நல்ல பம்ப். குற்றம் பின்னால், டேங்கிலோ லைனிலோ. அப்படியும் ஓடாவிட்டால் மட்டும் பம்ப்.

ஒரு பாட்டிலும் ஒரு முழ டியூபும் சொல்லியிருக்கும் விஷயத்துக்கு இரண்டு கார்புரேட்டர் வாங்கியிருக்கிறீர்கள். பழையவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். இப்போது கிடைக்கும் டூப்ளிகேட்டைவிட உங்கள் ஒரிஜினல் கண்டிப்பாக மேல்.

கே: காருக்குள் பெட்ரோல் வாடை அடிக்கிறது. வெளியே ஒழுகல் தெரியவில்லை. இந்த வாரம் குடும்பத்தோடு குலதெய்வம் கோயிலுக்குப் போகலாமா? — விருதுநகர் வாசகர்

ப: பஸ்ஸில் போங்கள்.

கே: என் ஃபியட்டில் ஆயில் குறைவதே இல்லை. சொல்லப்போனால் டிப்ஸ்டிக்கில் கொஞ்சம் ஏறியிருக்கிறது. அவ்வளவு கச்சிதமான இன்ஜின். ஆனால் பிக்கப் மட்டும் போதவில்லை. எந்த ஜெட் போடலாம்? — காரைக்குடி வாசகர்

ப: ஆயில் தானாக ஏறாது ஐயா. பம்பின் டயாபிரம் (பெட்ரோலை இழுத்துத் தள்ளும் சவ்வு) கிழிந்து பெட்ரோல் கீழே ஆயில் சம்பில் இறங்கிக்கொண்டிருக்கிறது. டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். ஆயிலை மொத்தமாக இறக்கி, டயாபிரம் மாற்றி, புது ஆயில் ஊற்றிய பிறகுதான் சாவி. தண்ணீராய்ப் போன ஆயிலில் ஓட்டினால் பேரிங் போகும். ஜெட்டைத் தொட வேண்டாம்.

கே: மறைந்த அப்பாவின் 1982 அம்பாசடர், பெட்ரோல் வண்டி. அவர் நினைவாக ஓடும் நிலையில் வைத்திருக்க ஆசை. போன வருடம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பெட்ரோல் டியூப் எல்லாம் ஒரிஜினலாக மாற்றியதாகச் சொல்லிப் பணம் வாங்கினார்கள். இப்போது வேகம் எடுத்தால் திணறுகிறது. டியூபைத் தொட்டால் கையில் கறுப்பு ஒட்டுகிறது. அங்கேயே போய்க் கேட்டால், பெண்பிள்ளைக்கு இதெல்லாம் புரியாது, பம்ப் வீக், மாற்ற வேண்டும் என்கிறார்கள். — திருநெல்வேலி வாசகி

ப: உங்களுக்குத்தான் புரிந்திருக்கிறது அம்மா. கையில் கறுப்பு ஒட்டியதைக் கவனித்தீர்களே, வியாதி அதுதான். அவர்களுக்குப் புரியவில்லை, அல்லது புரிந்தும் விற்கிறார்கள்.

இந்த டியூப் விஷயத்தில் எனக்குப் பழைய கோபம் உண்டு, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நம் கடைகளில் பெட்ரோல் டியூப் என்று கேட்டால் சுருளிலிருந்து ஒரு முழம் அறுத்துக் கொடுப்பார்கள். மேலே ஒரு எழுத்து இருக்காது. அது காற்று டியூபா, தண்ணீர் டியூபா, ஸ்பிரே பம்ப் டியூபா என்று விற்பவருக்கே தெரியாது. வெறும் பெட்ரோல் ஓடிய காலத்தில் அதுவும் ஒப்பேறியது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் தொடங்கியது, 2025இல் நாடு முழுக்க வந்துவிட்டது. எத்தனால் பழைய வகை ரப்பரை ஊற வைக்கும். டியூப் வெளியே சும்மா இருக்கும், உள்சுவர் உப்பித் துவாரம் சுருங்கும். அதிலிருந்து உதிரும் கறுப்புத் தூள், கார்புரேட்டருக்குள் பெட்ரோலைத் திறந்து மூடும் ஊசிக்கு அடியில் போய் உட்காரும். மெதுவாகப் போனால் தெரியாது, வேகம் எடுத்தால் பெட்ரோல் பற்றாது. நீங்கள் எழுதியது அப்படியே இதுதான்.

இன்னொன்று. டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் இருக்கும் டியூபில் மயிரிழை வெடிப்பு விட்டால் பெட்ரோல் ஒழுகாது. பம்ப் அந்தப் பக்கம் உறிஞ்சுகிறது அல்லவா, வெடிப்பு வழியாகக் காற்றை உள்ளே இழுக்கும். தரை காய்ந்து கிடக்கும், பம்ப் வீக் மாதிரித் தெரியும். இதை வைத்து எத்தனை நல்ல பம்புகளைக் கழற்றிப் புதுசு விற்றிருக்கிறார்களோ! என்னிடமும் ஒன்று விற்றார்கள். அப்போது கழற்றிய பம்ப் இன்றும் என் ஷெல்ஃபில் இருக்கிறது, டயாபிரம் குத்துக்கல்லாட்டம் நிற்கிறது.

வாங்கும்போது டியூபின் மேல் ‘எஸ்ஏஇ ஜே30 ஆர்9’ என்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். எத்தனால் தாங்கும் உள்ளுறை கொண்டது அது. விலை கூடத்தான் இருக்கும். ஆனால் அம்பாசடருக்கு வேண்டியது சில அடிதான், மீதி இரும்புக் குழாய். அச்சு இல்லாத டியூபைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். கூடவே பம்ப் டயாபிரமும் எத்தனாலுக்கு ஏற்றதா என்று கேளுங்கள்.

பணத்துக்கு வருவோம். பில் இருக்கிறதா? அதில் ஒரிஜினல் என்று எழுதியிருந்தால் பாதி ஜெயித்தாயிற்று. பழைய டியூபை உங்கள் செலவில் கழற்றி, நீளமாகக் கீறி, உள்பக்கம் தெரிய போட்டோ எடுத்து வையுங்கள். தூக்கிப் போட வேண்டாம். முதலில் ஒர்க்‌ஷாப்புக்கு எழுத்தில் ஒரு கடிதம், பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த 2 வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயம் இல்லை. பெண்பிள்ளைக்குப் புரியாது என்று சொன்னதையும் மனுவில் ஒரு வரியில் சேருங்கள். சட்டப்படி அதனால் என்ன லாபம் என்று கேட்காதீர்கள், எனக்கு ஒரு திருப்தி.

கே: பழைய பம்பே வேண்டாம் என்று ஆன்லைனில் நல்ல எலக்ட்ரிக் பம்ப் வாங்கிப் போட்டேன். புது மாடல் கார்களுக்கு வருவது, செம ஃபோர்ஸ். இப்போது கார்புரேட்டர் வாய் வழியாகப் பெட்ரோல் வழிகிறது. கார்புரேட்டரில் என்ன குறை? — மதுரை வாசகர்

ப: கார்புரேட்டரில் ஒரு குறையும் இல்லை. உங்கள் பழைய பம்ப் தள்ளுவது இரண்டு, மூன்று பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு). கார்புரேட்டரே இல்லாத புது இன்ஜெக்‌ஷன் கார் பம்ப் தள்ளுவது நாற்பதுக்கும் மேல். ஃப்ளோட் என்ற மிதவை தூக்கிப் பிடிக்கும் ஒரு சின்ன ஊசி அதைத் தடுத்து நிறுத்தும் என்று எப்படி நினைத்தீர்கள்? விளம்பரத்திலேயே பிரஷர் போட்டிருப்பார்களே, படிக்க மாட்டீர்களா? ஃபோர்ஸ் கூடினால் நல்லது என்று வாங்குவதற்கு இது தோட்டத்து மோட்டார் இல்லை.

உடனே கழற்றுங்கள், சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் வழிவது விளையாட்டில்லை. திருப்பி அனுப்பும் தேதி தாண்டியிருந்தால் அந்தப் பணம் போனதுதான், விற்றவர் ஏமாற்றவில்லை. எலக்ட்ரிக்தான் வேண்டும் என்றால் கார்புரேட்டர் வண்டிக்கென்றே குறைந்த பிரஷரில் வருவதை வாங்கி, இன்ஜின் நின்றால் பம்பும் நிற்கும்படி ஆயில் பிரஷர் சுவிட்சோடு சேர்த்து இணையுங்கள். இல்லாவிட்டால் விபத்தில் டியூப் அறுந்தாலும் அது பாட்டுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும்.

கே: மொறிஸ் மைனர் வைத்திருக்கிறேன். சாவி போட்டால் பம்ப் டக் டக் என்று நிற்காமல் அடிக்கிறது. சில நாள் ஒரு சத்தமும் இல்லை, சுத்தியல் பிடியால் தட்டினால் வேலை செய்யும். கராஜில் புதுப் பம்ப் போடச் சொல்கிறார்கள். — யாழ்ப்பாணம் வாசகர்

ப: உங்கள் ஊர்க்காரருக்கு நான் பாடம் எடுப்பதா! போரால் பெட்ரோலுக்குத் தடை இருந்த 90களில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர். இருந்தாலும் கேட்டதால் சொல்கிறேன்.

மைனரில் இருக்கும் எஸ்யூ கம்பெனி எலக்ட்ரிக் பம்ப் தன் நோயைத் தானே சொல்லும். சாவி போட்டதும் படபடவென்று அடித்து, கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் அடங்க வேண்டும். அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால், கார்புரேட்டர் வழிகிறதா என்று பாருங்கள். வழியவில்லை என்றால் டேங்க் காலி, இல்லையென்றால் டேங்க் பக்கத்து லைனில் காற்று இழுக்கிறது, இல்லையென்றால் பம்பின் வால்வில் தூசி. சத்தமே இல்லை, தட்டினால் ஓடுகிறது என்றால் உள்ளே கரண்டைத் தொட்டு விடும் பாயின்ட் கருகியிருக்கிறது, அல்லது எர்த் சரியில்லை. கறுப்பு மூடியைக் கழற்றிப் பாயின்டை மெல்லிய உப்புத்தாளால் துடையுங்கள், எர்த் ஒயரைச் சுரண்டிப் பூட்டுங்கள். முழுப் பம்ப் வாங்க இப்போது அவசியம் தெரியவில்லை. தேய்ந்திருந்தால் பாயின்ட் செட் மட்டும் போதும்.

கே: ஐப்பசி அடைமழையில் பங்க்கில் டேங்க் நிறைய அடித்தேன். இரண்டு கிலோமீட்டரில் வண்டி படுத்துவிட்டது. பெட்ரோலில் தண்ணீர் என்றார் மெக்கானிக். பங்க்கில் கேட்டால், உங்கள் பழைய டேங்க்கில் இருந்த தண்ணீர் என்கிறார்கள். — நாகப்பட்டினம் வாசகர்

ப: இரண்டு பேர் சொல்வதும் நடக்கக்கூடியதுதான், அதனால்தான் அவர்கள் தப்பிக்கிறார்கள். எத்தனால் தண்ணீரை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். ஒரு அளவு தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அந்த அடியைத்தான்.

டேங்க் அடியிலிருந்து இறக்கியதைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். இரண்டு அடுக்காகத் தெரியும். அன்றைக்கே அதே பங்க்கில் அடித்த வேறு வண்டிகளும் நின்றிருந்தால் உங்கள் பக்கம் வலுவாகிவிடும், பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் விசாரியுங்கள். பில் வாங்கினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, வாங்கியிருக்க மாட்டீர்கள் என்று பயப்படுகிறேன். டேங்க் நிறைய அடிக்கும்போதாவது கேட்டு வாங்குங்கள்.

கலப்படச் சந்தேகம் என்றால் பங்க்கில் ஃபில்டர் பேப்பர் வைத்துச் சோதித்துக் காட்டும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அளவில் சந்தேகம் என்றால் முத்திரை போட்ட 5 லிட்டர் கேனில் பிடித்துக் காட்டச் சொல்லலாம், 25 மில்லி வரை வித்தியாசம் அனுமதி. கேட்டால் முறைப்பார்கள். கேளுங்கள்.

கே: ‘அரிய விண்டேஜ் கார், 1986 மாடல், சின்ன பெட்ரோல் அடைப்பு மட்டும்’ என்று விளம்பரம். முன்பணம் அனுப்பிவிட்டேன். சரிதானே? — திருப்பூர் வாசகர்

ப: அனுப்பிவிட்டு ஏன் கேட்கிறீர்கள்? 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாமல் இருந்தால்தான் விண்டேஜ். 1986 வெறும் பழைய கார். அப்புறம், ‘சின்ன அடைப்பு’ என்பது பல நேரம் துருப்பிடித்த டேங்க். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள் (டார்ச் என்றேன், தீக்குச்சி அல்ல). உள்ளே செம்மண் நிறம் தெரிந்தால் டேங்க் செலவை விலையில் கழியுங்கள். சொந்தக் காரை விற்கும் தனி ஆள் வியாபாரி இல்லை என்பதால் நுகர்வோர் ஆணையம் பெரும்பாலும் உதவாது. மீதிப் பணம் வண்டியைப் பார்த்த பிறகு.

கே: பெட்ரோல் டேங்க்கில் ஊற்றினால் லைன் முழுக்கச் சுத்தமாகும் என்று ஒரு பாட்டில் விற்கிறார்கள். எந்தக் கம்பெனி நல்லது? — தஞ்சாவூர் வாசகர்

ப: துருவைக் கரைக்காது, டியூபை மாற்றாது. அந்தக் காசுக்கு இரண்டு ஃபில்டர் வாங்கி, ஒன்றைப் போட்டுவிட்டு ஒன்றை டிக்கியில் வையுங்கள்.