வீட்டில் டிப்ஸ் அடிக்க ஆடாத ஸ்டாண்ட் வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது?

நீங்கள் கேட்டிருப்பது டிப்ஸ் பற்றி, அதாவது இரண்டு பக்கமும் கைப்பிடியை ஊன்றி உடம்பை இறக்கி ஏற்றும் பயிற்சி: எடை 82 கிலோ, மாடியில் ஒரு சின்ன அறை, டைல்ஸ் தரை. இணையத்தில் பார்த்த ஸ்டாண்ட் எல்லாவற்றிலும் "300 கிலோ தாங்கும்" என்று போட்டிருக்கிறான், ஆனால் வாங்கியவர்களில் பாதிப்பேர் ஆடுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். யாரை நம்புவது?

வாங்கியவர்களை நம்புங்கள்.

தாங்குவது வேறு, ஆடாமல் நிற்பது வேறு. அந்த 300 கிலோ என்பது பெரும்பாலும் அசையாத எடையை நேராக மேலே வைத்தால் என்ற கணக்கு. நாம் அப்படியா ஏறுகிறோம்? குதித்து ஏறுகிறோம், இறங்கிய வேகத்திலேயே உந்தி எழுகிறோம், கடைசி இரண்டு ரெப்ஸுக்கு (இறங்கி ஏறும் தடவைகளுக்கு) காலை உதைத்துக்கொண்டு எப்படியாவது மேலே வருகிறோம். அப்போது விசை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் போகிறது, அந்தத் திசைகளில் ஸ்டாண்ட் எப்படி நிற்கும் என்று விளம்பரத்தில் ஒரு வரிகூட இருக்காது. குழாய் முறிந்து விழுந்த கதை அரிது. போல்ட் லூசாகி ஸ்டாண்ட் ஆட ஆரம்பித்து, பயந்துபோய் அரைகுறையாக இறங்கி, ஒரு மாதத்தில் அதைத் துணி காயப்போடும் கம்பியாக்கிய கதைதான் வீட்டுக்கு வீடு.

அதனால் நான் முதலில் பார்ப்பது ஸ்டாண்டின் சொந்த எடை. விற்பவன் தடிமனைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், தராசு பொய் சொல்லாது. 50க்கு 50 மி.மீ. சதுரக் குழாய், 2 மி.மீ. தடிமன் என்றால் ஒரு மீட்டர் சுமார் 3 கிலோ வரும். 40க்கு 40, 1.2 மி.மீ. என்றால் ஒன்றரைக் கிலோகூட வராது. ஒரு டிப் ஸ்டாண்டுக்கு மொத்தம் 6 மீட்டர் குழாய் என்று வைத்துக்கொண்டால், முதல் வகை 18 கிலோ, இரண்டாவது 9 கிலோவுக்குள். விற்பனைப் பக்கத்தில் "ஹெவி டியூட்டி" என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே பொருளின் எடை 8 கிலோ என்று இருந்தால் அங்கேயே மூடிவிடலாம். கேஜ் கணக்கில் சொன்னால் எண் குறையக் குறையத் தடிமன் கூடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்: நம்மூர்க் கணக்கில் 16 கேஜ் சுமார் 1.6 மி.மீ., 14 கேஜ் 2 மி.மீ.

அடுத்தது அடிப்பாகம். டிப்ஸ் அடிக்கும்போது உடம்பின் மொத்தப் பாரமும் கை பிடித்திருக்கும் இடத்தின் வழியாகத்தான் இறங்குகிறது. பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்றைப் பாருங்கள். கைப்பிடியில் நீங்கள் பிடிக்கப்போகும் இடத்திலிருந்து கொத்தனார் தூக்குக் குண்டு விடுவதுபோல ஒரு நேர்கோடு கீழே இழுத்தால், அது ஸ்டாண்டின் முன், பின் பாதங்களுக்கு நடுவில், விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி விழ வேண்டும். கைப்பிடி ஒற்றைத் தூணிலிருந்து முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மாடல்களில் பலவற்றில் அந்தக் கோடு முன் பாதத்தின் நுனியில் போய் விழும். கொஞ்சம் முன்னால் சாய்ந்தீர்கள் என்றால் பின் பாதம் எழும்பும். மார்புக்கு என்று சாய்ந்து அடிப்பவர்களுக்கு இது நிச்சயம் நடக்கும்.

தனித்தனியாக இரண்டு சட்டம் வரும் மாடல் விலை குறைவு, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம், எல்லாம் சரி. ஆனால் நம் கை கீழே மட்டும் அழுத்துவதில்லை, களைத்துப்போனால் வெளிப்பக்கமும் தள்ளும், டைல்ஸில் இரண்டும் ஆளுக்கொரு திசையாக நகரும். இரண்டையும் இணைக்கும் குறுக்குக் கம்பி இருந்தால் மட்டும் வாங்குங்கள், அந்தக் கம்பியை நிஜமாகவே மாட்டுங்கள்.

உயரத்தை ஏற்றி இறக்கும் வசதிக்கு ஆசைப்படாதீர்கள். குழாய்க்குள் குழாய் போய்ப் பூட்டும் ஊசி மாட்டும் இடத்தில் எப்போதும் ஒரு சின்ன இடைவெளி இருக்கும், கீழே அரை மில்லிமீட்டர் தளர்ந்தால் கைப்பிடியில் அது பல மடங்காகத் தெரியும். வீட்டில் ஒரே ஆள்தான் அடிக்கப்போகிறார் என்றால் நிலையான உயரம், முடிந்தவரை வெல்டிங், குறைந்த போல்ட். எந்த உயரம்? 170 செ.மீ. ஆளுக்குக் கை நீட்டி மேலே நிற்கும்போது தோள் கைப்பிடிக்கு மேல் ஏறக்குறைய 60 செ.மீ. இருக்கும், கீழே இறங்கியதும் 30 தான். காலைத் தொங்கவிட்டே அடிக்க வேண்டும் என்றால் கைப்பிடி 110க்கு மேல் இருக்க வேண்டும். முழங்காலை மடக்கிக்கொள்பவருக்கு 80 போதும், தாழ்வாக இருப்பதால் ஆட்டமும் குறைவு. இடுப்பில் பெல்ட் கட்டி எடைக்கான பிளேட் தொங்கவிடும் எண்ணம் இருந்தால் 120க்குக் கீழே வேண்டாம், பிளேட் தரையில் இடிக்கும்.

அகலத்துக்குச் சுலபமான வழி உங்கள் முழம். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்தால் பெரும்பாலானோருக்கு 45 செ.மீ.யை ஒட்டி வரும். ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில் பேரலல் பார் இடைவெளியை 42 முதல் 52 செ.மீ. வரைதான் மாற்ற விடுகிறார்கள், அந்த உடம்புகளுக்கே அது போதும் என்றால் நமக்கும் போதும். 60க்கு மேல் போனால் தோளின் முன்பக்கம் வலிக்க ஆரம்பிக்கும். ஒரு முனையில் குறுகி மறு முனையில் விரியும் வி வடிவக் கைப்பிடி கிடைத்தால் நல்லது, வீட்டில் இரண்டு பேர் அடித்தாலும் சண்டை வராது.

கைப்பிடிமேல் தடித்த ஸ்பாஞ்ச் சுற்றியிருந்தால் சந்தேகப்படுங்கள். உள்ளே ஒல்லிக் குழாய் ஒளிந்திருக்கலாம், அதைவிட மோசம், வியர்வையில் ஊறி ஸ்பாஞ்ச் சுழல ஆரம்பிக்கும். வெறும் இரும்புப் பிடிதான் பாதுகாப்பு.

இப்போது என் உண்மையான பதில்: பக்கத்தில் நல்ல கிரில் பட்டறை இருந்தால் ஆன்லைனை விட்டுவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். சட்டத்துக்கு 50க்கு 50 சதுரக் குழாய், 2 மி.மீ. பக்கத்துக்கு இரண்டு தூண், தரையில் படியும் பாதக் குழாய் 90 செ.மீ. நீளம், பின்பக்கம் தரையோடு ஒன்றும் நடு உயரத்தில் ஒன்றுமாக இரண்டு குறுக்குக் குழாய், முன்பக்கம் உடம்பு போய்வரத் திறந்திருக்க வேண்டும். கைப்பிடிக்கு ஒன்றேகால் இஞ்ச் பி கிளாஸ் பைப். வெளி விட்டம் 42 மி.மீ. வரும், உள்ளங்கைக்குச் சரியான கனம். பி கிளாஸ் என்றால் பைப்பில் நீலப் பட்டை இருக்கும், மஞ்சள் பட்டை ஏ கிளாஸ், அது மெலிசு. 120 செ.மீ. உயரத்துக்குச் செய்தால் மொத்தம் 28 கிலோ பக்கம் நிற்கும். பட்டறையில் பெரும்பாலும் கிலோ கணக்கில்தான் விலை சொல்வார்கள், எனவே எடை போடும்போது கூடவே நில்லுங்கள், குழாயின் தடிமனும் அங்கேயே தெரிந்துவிடும்.

பட்டறை அண்ணனிடம் மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள். தூணும் பாதமும் சேரும் இடத்தில் முக்கோணத் தகடு வைக்க வேண்டும். புள்ளி வைத்தாற்போல அங்கங்கே ஒட்டாமல் சுற்றி முழு வெல்டிங். அப்புறம், பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் சமமான தரையில் வைத்து உங்கள் கையால் ஆட்டிப் பார்க்க விட வேண்டும். வெல்டிங் சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளும், நாலு மூலையில் ஒன்று தரையைத் தொடாமல் நிற்கும். அதை அப்போதே வெட்டிச் சரிசெய்தால் பத்து நிமிட வேலை, பெயிண்ட் காய்ந்தபின் சொன்னால் அவர் முகம் மாறிவிடும். கடலோர ஊர் என்றால் ரெட் ஆக்சைடு இரண்டு கோட், குழாய் வாய்களுக்கு மூடி. மாடிப்படித் திருப்பத்தையும் கதவு அகலத்தையும் அளந்துகொண்டு போங்கள், இது கழற்றி மாட்டும் சாமான் இல்லை.

கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கும் புல்லப்பும் சேர்த்து வரும் பவர் டவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டு மீட்டர் உயரம், குட்டி அடிப்பாகம், விலை குறைந்தவை எல்லாமே தள்ளாடும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் சிமெண்ட் சாக்கில் மணல் நிரப்பிப் பின் பாதங்களின் மேல் போடலாம், பார்க்க அழகாக இருக்காது, நிற்கும். வீட்டுக் கூரையில் காங்கிரீட்டோடு சேர்த்துப் பதித்த ஊஞ்சல் கொக்கி இருந்தால் ரிங்ஸ் (பட்டையில் தொங்கும் இரண்டு வளையம்) மாட்டும் வழியும் உண்டு, ஆனால் ரிங்ஸில் டிப்ஸ் பாரைவிட ரொம்பக் கடினம், புதிதாக ஆரம்பிப்பவருக்குச் சரிவராது. ஃபேன் கொக்கியில் மாட்டலாமா என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன், கூடாது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் கூடாது.

மூடப்போகும் ஜிம்மிலிருந்து பழைய ஸ்டாண்ட் கிடைத்தால் அதுவும் நல்ல பேரம்தான். வெல்டிங் ஓரத்தில் பெயிண்ட் கோடுபோல வெடித்திருக்கிறதா என்று பாருங்கள், அது விரிசலாக இருக்கலாம். பாதக் குழாயின் அடியைத் தட்டிப் பாருங்கள், தரை துடைத்த தண்ணீர் தங்கி உள்ளே துரு தின்றிருந்தால் சத்தத்திலேயே தெரியும்.

கொண்டுவந்து வைத்தபின், அடியில் புதிர்க்கட்டம்போல இணைக்கும் மெத்துமெத்தென்ற ஃபோம் மேட் போடாதீர்கள், அதுவே அமுங்கி ஆட்டத்தை உண்டாக்கும். கெட்டியான ரப்பர் ஷீட் போதும். போல்ட் உள்ள ஸ்டாண்டாக இருந்தால் சாதா நட்டைக் கழற்றிவிட்டு உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டாக மாற்றுங்கள், ஹார்டுவேர் கடையில் நைலாக் என்று கேட்டால் தருவார்கள். முதல் வாரம் அடித்து முடித்ததும் ஒரு தடவை ஸ்பேனர் போட்டு எல்லாவற்றையும் இறுக்கிவிடுங்கள், பெயிண்ட் அமுங்கிக் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.